பாதைக்காரர் கை வைத்த வான்

சந்தையிலிருந்து அவர் ஒரு பையோடு வந்ததை நான் கண்டதில்லை. எப்போதும் இரண்டு பை, கைக்கு ஒன்று, இரண்டும் ஒரே பாரம். ஒரு நாள் பின்னேரம் ஒரு கையில் பாதிப் பூசணிக்காயும் மற்றக் கையில் ஒரு செங்கல்லுமாக எங்கள் வீட்டைக் கடந்து போனார்.

"என்ன தம்பி, வீடு கட்டுறீங்களோ?" என்று படலையில் நின்று கேட்டேன்.

"இல்லக்கா, பூசணிக்குச் சோடி கிடைக்கல்ல" என்றார். சிரிக்கவில்லை. அந்தக் கல்லைக் கிண்ணியா பஸ் ஏறும் வரைக்கும் கொண்டுபோயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய கராஜிலும் பெயர்ப்பலகை இருந்ததில்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் நாலு தூணும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டில். அதுதான் கராஜ். சனம் அவரைப் பாதைக்காரர் என்று சொல்லும். கிண்ணியாவில் பாலம் கட்டுவதற்கு முந்தி, சனத்தையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பதினாறு பதினேழு வயதிலிருந்து அவருக்கு அதில்தான் வேலை. எந்த வாகனம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த மூட்டை எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று கை காட்டுகிற வேலை. ஒரு பக்கம் பாரம் கூடினால் மிதவை சரியும், சனம் தண்ணீருக்குள் போகும். பாலம் திறந்தபிறகு மிதவை போய்விட்டது. அந்தக் கணக்கு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மிதவைக் காலத்தில் ஒரு பெரிய உத்தியோகத்தர் தன் ஜீப்பை முன்னுக்கு ஏற்றச் சொன்னாராம். இவர் நடுவுக்குத்தான் ஏற்றலாம் என்றாராம். உத்தியோகத்தர் இவர் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். இவர் அறையை வாங்கிக்கொண்டு நடு இடத்தைக் கை காட்டியபடியே நின்றாராம். கடைசியில் ஜீப் நடுவுக்குத்தான் போனது. இதை எனக்குச் சொன்னது அவரில்லை, அன்றைக்கு அதே மிதவையில் கோழிக் கூடையோடு நின்ற ஒரு மூதூர்ப் பெண்.

"நோகேல்லையா தம்பி?" என்று நான் பிறகொரு நாள் கேட்டதற்கு, "ஜீப்புல முப்பது பேர் ஏறினாப்போல பாரம் இரிந்துதுக்கா" என்றார். கேட்டதற்கு அது மறுமொழியா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எந்த வாகனத்தைக் கொண்டுபோனாலும் அவர் என்ஜினைத் திறக்க மாட்டார். முதலில் டயருக்கும் மேலே இருக்கிற மட்காட்டுக்கும் இடையில் கையை நுழைப்பார். எத்தனை விரல் போகிறது என்று பார்ப்பார். நாலு சக்கரத்துக்கும் அப்படி. அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். "பாரம் எங்க நிக்கிது?" என்பதுதான் அவருடைய முதற் பேச்சு. ஒரு தடவை கோயில் தர்மகர்த்தா ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து, "ஆகா, எவ்வளவு ஆழமான கேள்வி, மனுசருக்கும் இதுதானே கேள்வி" என்று பெரிதாகக் கதைத்தாராம். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் டிக்கியைக் கேட்டன் ஐயா, உள்ளுக்கு என்ன இரிக்கு?" என்றாராம். உள்ளே இரண்டு மூட்டைச் சீமெந்து இருந்தது. ஐயா அதை மறந்தே போயிருந்தார்.

அவரை நான் சரியாக அறிந்தது எங்கள் வான் வண்டியால்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் பத்தொன்பது வருடம் நான் சமையல் வேலை செய்தேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தி நடத்தினாள். நல்லவள். புட்டும் மீன் குழம்பும் என் கையால் சாப்பிட்டால்தான் அவளுக்கு விடியும். ஊருக்குத் திரும்பிப் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு திறப்புச் சாவி ஒன்றை என் கையில் வைத்தாள். விடுதிக்குப் பின்னால் தென்னைக்குக் கீழே நின்ற பழைய வானின் திறப்பு. அவளும் புருசனும் இளம் வயதில் ஊர் சுற்றிய வான். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, முகம் கழுவுகிற சின்னத் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, அலுமாரி, எல்லாம் உண்டு. குசினியோடு ஓடுகிற வீடு. எழுத்துவேலையெல்லாம் முடித்து என் பெயருக்கே மாற்றித் தந்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, பதிவுப் புத்தகத்தில் என் பெயர் போட்ட வாகனம். எங்கள் ஒழுங்கையில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அது இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வான் எங்கள் முற்றத்தில் ஐந்து வருடம் சும்மா நின்றது. அதை ஓட்ட வேண்டி வந்தது என் வீட்டுக்காரருடைய கண்ணால்.

இவர் துறைமுகத்திலிருந்து மா மூட்டை ஏற்றுகிற லொறி ஓட்டியவர். முப்பத்திரண்டு வருடம். பதுளை, அப்புத்தளை, நுவரெலியா, காலி, மாத்தறை, எந்த ஊர் என்றாலும் போகிற ரோட்டைச் சொல்லுவார். ஆனால் லொறி ஓடுவது இருட்டில். விடியும்போது மூட்டை இறக்கி, வெயில் ஏறும்போது லொறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, பொழுதுபட்டதும் திரும்பிவிடுவார். "இஞ்சாரும், நான் காணாத ஊர் இல்லை. ஆனா ஒரு ஊரையும் வெளிச்சத்தில கண்டதில்லை" என்று பகிடியாகச் சொல்லுவார். பென்சன் எடுத்தபிறகு கண்ணில் அமுக்கம் வந்தது. ஓரத்திலிருந்து பார்வை மூடிக்கொண்டு வருகிறது, மருந்து போட்டால் பிந்தும், நிற்காது என்று கண் டொக்டர் சொன்னார். ஒரு வருடம், கூடினால் ஒன்றரை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இவர் சொன்னார், "எனக்கு மலையைப் பகலில ஒருக்காப் பாக்கோணும்."

டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த அடுத்த வருடம் அது. எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், வானை அவள்தான் ஓட்ட வேண்டும். ஓகஸ்ட் லீவு ஒரு மாதம். அதை விட்டால் மார்கழி மழை, மழைக்குப் பிறகு சித்திரை. சித்திரைக்குள் இவருடைய கண் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும். ஆகவே அந்த ஓகஸ்ட்தான்.

பாதைக்காரர் வந்து முற்றத்தில் நின்ற வானைச் சுற்றிப் பார்த்தார். கையை நுழைத்தார். வலப் பக்கம் நாலு விரல் போனது. இடப் பக்கம் இரண்டரை.

"இந்தப் பக்கம் என்ன இரிக்கு?"

"கட்டிலும் தண்ணித் தாங்கியும்" என்றேன்.

"வெள்ளக்காரர் நல்ல பலகையில செஞ்சிரிப்பாங்க."

"தேக்கு" என்றேன், பெருமையாக.

"அதுதான்" என்றார், ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டவர்போல. பிறகு சொன்னார், "நான் இப்ப ஒண்டும் செய்ய மாட்டன். நீங்க போற அண்டைக்கு எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே எல்லாத்தையும் ஏத்துங்க. மூணு பேரும் ஏறி இரிங்க. அதுக்குப் பிறகு நான் பாக்கிறன்."

வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சாமான் ஏற்றிய வண்டியை இறக்கித்தான் வேலை செய்வார்கள். பாதைக்காரர் ஏற்றச் சொன்னார். நானும் இரண்டு நாள் எடுத்து ஏற்றினேன். என்னைவிட நன்றாக ஒரு வண்டியில் சாமான் அடுக்க யாராலும் ஏலாது என்று எனக்கு நினைப்பு. சம்பா அரிசி அரை மூட்டை. முப்பது தேங்காய். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், கருவாடு. உரலும் உலக்கையும். மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு. பாய் மூன்று, நுளம்பு வலை, பெரிய அலுமினியப் பானை, கிணற்று வாளியும் கயிறும். தையல் மெசினின் தலையைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி வைத்தேன். கடைசியாக என் தகரப் பெட்டி. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், மகளின் சான்றிதழ்கள், எங்கள் கலியாணப் படம், எல்லாம் அதற்குள்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். மகள் ஓட்டுகிற இடத்தில், இவர் முன்னால் இடப் பக்கத்தில், நான் பின்னால். அவர் கையை நுழைத்தார். இடப் பக்கத்தில் ஒரு விரலும் சரியாகப் போகவில்லை.

நான் இறங்கிப்போய் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஒரு கோப்பையை அவர் வாங்கி, வானுக்குள் இருந்த இவருக்கு யன்னல் வழியாக நீட்டினார். இவர் வாங்கவில்லை, நேரே பார்த்தபடி இருந்தார். பாதைக்காரர் கொஞ்ச நேரம் கோப்பையோடு நின்றார். பிறகு வானைச் சுற்றிப்போய், மகள் இறங்கிய பக்கத்துக் கதவால் உள்ளே குனிந்து நீட்டினார். இவர் வாங்கிக் குடித்தார். இரண்டு பேருக்குள்ளும் ஏதும் மனத்தாங்கலோ என்று நினைத்தேன்.

அவர் வேப்பமரத்தடியில் குந்தி இருந்து தன்னுடைய தேத்தண்ணீரை முடித்தார்.

"அக்கா, எங்க போறீங்க?"

"சொன்னனான்தானே. சுத்திப் பாக்க."

"திரும்பி வாறீங்களா?"

"இதென்ன கதை? வராம எங்க போறது?"

"சாமானைப் பாத்தா திரும்பி வாறவங்கட சாமான் மாதிரித் தெரியல்ல" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்ர வாகனம், என்ர சாமான்" என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு நானே திரும்பி வானுக்குள் பார்த்தேன். வாளி, கயிறு, உரல், விளக்கு, தகரப் பெட்டி. அடுக்கிய ஒழுங்குகூட மாறவில்லை. பெட்டி கடைசியாக, கைக்கு எட்டுகிற இடத்தில், தூக்கிக்கொண்டு இறங்க வசதியாக. என் வாழ்க்கையில் வீட்டைப் பூட்டி வண்டியில் சாமான் ஏற்றியது நாலு தடவை. நாலு தடவையும் யுத்தத்துக்குப் பயந்து ஓடிப் போகத்தான் ஏற்றினேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எப்படிச் சாமான் ஏற்றுவார்கள் என்று எனக்கு யார் காட்டினார்கள்? என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அங்கால் திரும்பினாள். சிரித்தாளோ அழுதாளோ தெரியாது. இவர் மெல்லச் சொன்னார், "தையல் மெசின் தலையுமா? மலைக்குச் சட்டை தைச்சுக் குடுக்கவே?"

பாதைக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை. "நாங்களும் மூணு தரம் இப்பிடி ஏத்தினதுதான்" என்றார். "என்ட உம்மா அம்மிக் கல்லை விட மாட்டாங்க. நான்தான் தூக்கினன், அதால எனக்குத் தெரியும்." அதற்குமேல் அதைப்பற்றி அவர் கதைக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒருவரையும் தொடவிடவில்லை. தகரப் பெட்டியை வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். நான் வெளியூர் போக அது வீட்டில் நிற்பது அதுதான் முதற் தரம்.

இறக்கிய பிறகும் இடப் பக்கம் சரியாக நிமிரவில்லை. அவர் வானுக்குக் கீழே படுத்து ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டை வந்து பிடிக்கிற இடத்தில் அது பழுத்த பப்பாசிக்குள் போவதுபோல உள்ளே போனது. ஐந்து வருட உப்புக் காற்று. இரும்பு முழுவதும் கறள் தின்றிருந்தது.

"இப்பிடியே போக ஏலா" என்றார்.

"மலையை விட்டுட்டுக் கடலோரம் மட்டும் போனால்?" என்று மகள் கேட்டாள்.

"டீச்சர், இது உடையிறதுக்கு மலை வேணுமெண்டு இல்ல. பத்து நாள் தாங்க."

பத்து நாள் போனால் லீவில் மூன்று கிழமைதான் மிஞ்சும். வேறு கராஜில் கேட்டோம். மேலால் ஒரு தகடு ஒட்டித் தருகிறேன், நாளைக்கே போகலாம் என்றார்கள். எனக்கும் மகளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இவர்தான், ஒரு நாளையும் விடக் கூடாத மனுசன், "பத்து நாள் குடுங்கோ" என்று சொன்னார். முப்பத்திரண்டு வருடம் பாரம் இழுத்தவருக்கு யாரை நம்புவது என்று தெரியும்.

அந்தப் பத்து நாளும் நான் கொட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பழைய இரும்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். இடப் பக்கம் முடிய, வலப் பக்கத்தையும் வெட்டத் தொடங்கினார்.

"அது நல்லாத்தானே இருந்தது தம்பி?"

"அதுக்கும் வெச்சாத்தான் சோடி."

தேக்குக் கட்டில் போனது. அதற்குப் பதிலாக இரும்புக் குழாயில், வலைக்காரரிடம் வாங்கிய நைலோன் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டார். கையில் தூக்கினால் பாய்போல இருந்தது. அதற்கு இலவம்பஞ்சு மெத்தையும் யன்னலுக்குப் பூப்போட்ட திரையும் நான் தைத்தேன். தைத்ததை அவர் தூக்கிப் பார்த்து, "சரி" என்றார். அவருடைய வாயால் சரி வாங்கியவர்கள் அதிகம் பேர் இல்லை. ஒவ்வொரு சாமானும் நிற்க வேண்டிய இடத்தை வானின் தரையில் வெண்கட்டியால் கீறிவைத்தார். வட்டம் போட்டால் தண்ணீர், சதுரம் அரிசி, இரண்டு கோடு என் பாய். அவருக்கும் எழுத்து அவ்வளவாக ஓடாது. அந்தக் கீறலை மகள் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். நான் ஒரு தடவை பார்த்தேன், போதுமாயிருந்தது.

பிறகுதான் அந்தக் கதிரைக் கதை. இவர் உட்காரும் கதிரையை முன்னாலிருந்து கழற்றி, மகளுக்குப் பின்னால், வலப் பக்கத்து யன்னலோடு வைத்துப் பூட்டிவிட்டார். அந்த யன்னலில் வெள்ளைக்காரர் ஒட்டியிருந்த கறுப்புத் தாளையும் சுரண்டி எடுத்திருந்தார்.

"அண்ணன் முன்னுக்கு இரிக்க ஏலா. உடம்பு பாரம். இஞ்ச இரிந்தாத்தான் சமன்."

லொறிக்காரரை முன்னால் இருக்க வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை. என் அண்ணனின் காரில்கூட இவர் பின்னால் ஏறியதில்லை. சண்டை வரப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் புதுக் கதிரையில் ஏறி இருந்தார். யன்னலால் வெளியே பார்த்தார். "நல்லாயிருக்கு" என்றார். எனக்கு அதிசயமாயிருந்தது.

மற்றது, எந்த வழியால் போவது என்பது. மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்கால் இறங்கிச் சுற்றி வருவதுதான் எங்கள் எண்ணம். பாதைக்காரர் வேண்டாம் என்றார். அநுராதபுரம், புத்தளம் போய், அங்கிருந்து மேற்குக் கடலோரமாகக் கொழும்பு, காலி, பிறகு மலை ஏறி வரவேண்டும் என்றார்.

"அப்பிடிச் சுத்தினா வான் இடப் பக்கமாத் திரும்பித் திரும்பிப் போகும். பாரம் வலப் பக்கம் சாயும். இடப் பக்கத்து ஒட்டுக்கு லேசு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மகள் சிரித்தாள். "அம்மா, அந்தக் கதை பிழை. ரோட்டு எண்டால் ரெண்டு பக்கமும்தானே வளையும். நாட்டைச் சுத்திறது என்ன, செக்கைச் சுத்திறதே?"

"உனக்குப் புத்தகத்தில தெரியும். அந்த மனுசனுக்குக் கையில தெரியும்" என்று நான் அவளை அடக்கினேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. பாரத்தைப் பற்றி அவர் பிழையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

புறப்பட்டோம். வான் ஒரு சின்னக் குலுக்கமும் இல்லாமல் போனது. என் பெயரில் உள்ள வாகனத்தில், என் கையால் தைத்த மெத்தையில் நான் இருந்து, ரோட்டோரச் சனம் திரும்பிப் பார்க்கப் போனேன். புத்தளத்துக்குக் கிட்ட இடப் பக்கத்தில் ஒரு கூட்டம் கழுதைகள் நின்றன, குட்டிகளோடு. நான் அந்த வயதில்தான் கழுதையை முதலில் கண்டேன்.

"இஞ்சருங்கோ, இந்தப் பக்கம் பாருங்கோ."

இவர் முகத்தைத் திருப்பவில்லை. கதிரையில் இருந்தபடியே முழு உடம்பையும் திருப்பப் பார்த்தார். திருப்பி முடிப்பதற்குள் கழுதைகள் போய்விட்டன. அப்போதுதான் எனக்கு யன்னலும் தேத்தண்ணீர்க் கோப்பையும் நினைவில் வந்தன. மகளை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"இடக் கண் எப்ப இருந்து?"

"எட்டு மாசம். அதில ஒண்டும் இல்லை. இருட்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் இந்தப் பயணத்தை விட்டுட்டு என்னை ஆசுபத்திரி ஆசுபத்திரியாக் கொண்டு திரிவீர்."

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன். "அப்ப அந்த மனுசனுக்கு மட்டும் சொன்னீங்களோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவனாப் பிடிச்சிட்டான். கதிரையில ஏறி இருந்து யன்னலைப் பாத்தாப் பிறகுதான் அவனுக்குத் தெரியும் எண்டு எனக்கே தெரிஞ்சுது."

எனக்கு இவரிலும் கோபம், அவரிலும் கோபம். நாற்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுக்கிற நான் காணாததை, டயருக்குள் கை விடுகிறவன் கண்டுபிடித்துவிட்டானே என்று ரோசமும்கூட. அந்தக் கோபம் சிலாபம் வரைக்கும் இருந்தது. அங்கே ரோட்டு கடலோடு ஒட்டியது. கடல் வலப் பக்கத்தில். கொழும்பு தாண்டியும் வலப் பக்கத்தில். காலியிலும் மாத்தறையிலும் வலப் பக்கத்தில். கிழக்கால் இறங்கியிருந்தால் முழுக் கடலும் இவருடைய இருட்டுக் கண்ணின் பக்கமாகத்தான் போயிருக்கும். மகள் வானை ஓட்டிக்கொண்டே சொன்னாள், "அம்மா, அவர் பாரத்தைச் சொல்லேல்லை." தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

மலையில் ஏறினோம். அப்புத்தளைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு வளைவில் இவர் நிறுத்தச் சொன்னார். லொறி சூடேறினால் தண்ணீர் ஊற்றி ஆறவிடுகிற இடமாம். இடுப்பு உயரம்கூட இல்லாத சின்ன மதிலுக்கு அங்கால் காடு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம். சில நாளைக்கு அந்த மதிலுக்கு அங்கால் இறங்கி, பாய் போட்டுப் படுத்தும் இருக்கிறாராம்.

காடு இல்லை. மதிலோடு ஒரு பாய் அகலத்துக்குத்தான் தரை. அதற்கு அங்கால் ஒன்றுமேயில்லை. பார்வை விழுந்து விழுந்து போகிறது. கீழே தேயிலை, அதற்குக் கீழே தேயிலை, நூல்போல ஒரு ரோட்டு, தீப்பெட்டிபோல ஒரு பள்ளிக்கூடம், அதற்கும் கீழே நாட்டின் தெற்குப் பாதி முழுவதும் வெயிலில் கிடக்கிறது. இவர் வானால் இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலக் கண்ணை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார்.

"இதுக்குப் பக்கத்திலயா நான் குறட்டை விட்டுக் கிடந்தனான்" என்றார்.

முகில் வந்து மூடியது. மகள் நேரமாகிறது என்றாள். முகில் போகட்டும் என்றார் இவர். போனது, பார்த்தார். திரும்பவும் மூடியது, திரும்பவும் நின்றார். அப்படியே மத்தியானம் போய்விட்டது. அந்த வளைவில் வைத்தே காஸ் அடுப்பை மூட்டிச் சோறு ஆக்கினேன்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த மறுநாள் பாதைக்காரர் வந்தார். வானுக்குக் கீழே படுத்துப் பார்த்தார். ஒட்டு அப்படியே இருந்தது. அவரை ஏசுவதற்கு நான் ஒழுங்கு பண்ணி வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "இருங்கோ தம்பி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அவர் இவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். "அண்ணன், நான் கந்தளாய்க்கு அங்கால போனதில்ல. சனத்தை ஏத்தி விட்டதுதான். மலை எப்பிடி இரிக்கும்?"

அவர் மலையே காணாதவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை வாகனத்தை மலைக்கு ஏற்ற மாதிரிச் செய்து அனுப்பியவர். ஒரு நாளும் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் மௌத்தாகி இப்போது ஒரு வருடமாகிறது. சாகும் வரைக்கும் அவர் கந்தளாய்க்கு அங்கால் போகவில்லை.

இவர் சொல்லத் தொடங்கினார். வளைவு, மதில், தேயிலை. இவர் கொஞ்சம் நிறுத்திய இடத்தில் நான், "கீழே ஒரு பள்ளிக்கூடம்" என்றேன்.

"பொறும், அதுக்கு முதல் இருக்கு" என்று இவர் என்னைத் தடுத்தார். "பள்ளிக்கூடத்துக்கு மேல் வரியில தோட்டச் சனம் இருக்கிற லயம். ஏழு வீடு. மூண்டாவது வீட்டுத் தகரத்தில ஒரு சேலை காயுது."

"என்ன நிறம்?" என்றார் பாதைக்காரர். கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

"சிவப்பு. ஓரத்தில மஞ்சள். காத்துக்கு ஒரு முனை எழும்புது, திரும்பப் படியுது. ஒரு மனுசி வந்து கல்லு வைச்சிட்டுப் போறாள்."

நானும் அதே மதிலில்தான் நின்றேன். எனக்கு அந்தச் சேலை தெரியவில்லை.